எந்த மாசத்து வரைபடம் அது?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். வீடியோவும் சுற்றுகிறது, பின்வரிசைச் சிரிப்போடு சேர்த்து. சரி. நான் கேட்டது ஒரே கேள்விதான். டெல்டா நகரம் ஒன்றைச் சிவப்பும் பச்சையுமாகத் திரையில் போட்டு, வெள்ளம், வெயில், நோய் எல்லாவற்றுக்கும் சேர்த்து "பாதிப்பு வரைபடம்" என்றீர்களே, அது எந்த மாசத்து வரைபடம்? ஐப்பசியா, சித்திரையா?

அதற்கு வந்த பதில்: "அண்ணன் காரைக்குடிக்காரர், ஆத்தைப் பார்த்திருக்க மாட்டார்." கைதட்டல் வேறு.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது நாகப்பட்டினத்தில். அவள் தெரு கொஞ்சம் மேடு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்காது, அதனால் உங்கள் கணக்கில் அவள் பச்சை. ஆனால் அங்கே நிலத்தடி நீர் உப்பு. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் பிடித்து நீல டிரம்மில் வைத்துத்தான் புழங்க வேண்டும், கோடையில் அது வாரக்கணக்கில் நிற்கும். போன வருஷம் பங்குனியில், மழை வாசனையே இல்லாத மாசத்தில், அவள் மகளுக்கு டெங்கு. நான் போய் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு உள்பக்கம் விரலால் தேய்த்துப் பார்த்தேன், தண்ணீர் நின்ற கோட்டை ஒட்டிக் கறுப்பாகப் பொடி மாதிரி. ஏடிஸ் கொசு முட்டை காய்ந்தாலும் சாகாது, மாசக்கணக்கில் ஒட்டிக் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும். கவிழ்த்தால் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். இது எந்த வரைபடத்தில் இருக்கிறது? கார்த்திகையில் பச்சையாக இருக்கும் தெரு பங்குனியில் சிவப்பு. அதைத்தான் கேட்டேன்.

டாக்காவில் காலரா வருஷத்தில் இரண்டு தடவை ஏறும், மழைக்கு முந்தின வெக்கையில் ஒன்று, மழை முடிகையில் ஒன்று. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறி வருவது வறண்ட மாசங்களில், வெள்ளம் வருவது அதற்கு நேர் எதிர்ப் பருவத்தில். நம் பக்கம் கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16. பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நர்கிஸ் புயல் ஏறியது 2008 மே 2, செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000-க்கு மேல். ஒவ்வொரு டெல்டாவுக்கும் ஒரு நாள்காட்டி உண்டு. நாள்காட்டி இல்லாத வரைபடத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

மாசாமாசம் தகவல் கிடைக்காது என்கிறார் ஒருவர். நியாயம், தெருவாரியாகக் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் காய்ச்சல் கணக்கு வாராவாரம் மேலிடத்துக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது? நான்கு பருவத்துக்கு நான்கு படம் போட அது போதாதா? இன்னொருவர், ஜனங்கள் குழம்பிப்போவார்களாம். கிழமைக்கொரு ராகுகாலம் பார்த்துப் பால் காய்ச்சுகிற ஜனம், ஐயா, இது.

அப்புறம் அந்த "ஆறு பார்க்காதவர்". எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனவர். எங்கள் வீட்டு வளவுத் தூண் அத்தனையும் பர்மாத் தேக்கு. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவில் முக்கியமான நெல் விளையும் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, கடன் மூழ்கி வந்த நிலம், அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊர்ச் சேற்றையும் மழைக்காலத்துக் காய்ச்சலையும் அப்பத்தா சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இங்கே காரைக்குடியில் வெயில் காந்தும், முற்றத்தில் நின்றால் வியர்வை காய்ந்துவிடும். நாகையில் மே மாச ராத்திரியில் அக்கா வீட்டுத் தகரக்கூரைக்குக் கீழே வியர்வை காயாமல் உடம்பில் நிற்கும், தூக்கமே வராது. எனக்குத் தெரியாதாம். கேள்வி கேட்க ஆத்தங்கரையில் பிறந்த சான்றிதழ் வேண்டும் என்றால் முதலிலேயே நோட்டீசில் போட்டிருக்கலாமே, நானும் பஸ் காசை மிச்சம் பிடித்திருப்பேன்.

சிரித்தவர்களில் இரண்டு பேர் என் கூடப் படித்தவர்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி வாட்சப்பில் கேட்டிருக்கிறேன், அக்கா தெருவை மாசவாரியாக நானே குறித்துத் தருகிறேன் என்று. நீல டிக் விழுந்து மூன்று நாளாகிறது.