ஓட்டுப் போட்ட பிறகு மாறிய சட்டம்

"போஸ்னியாக்காரர்களுக்கு இன்னும் ஜனநாயகம் பழகவில்லை, அதனால்தான் உயர் பிரதிநிதி தேவைப்படுகிறார்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போனதையும், அதற்கு விழுந்த லைக்குகளையும் பார்த்திருப்பீர்கள். உயர் பிரதிநிதி என்றால், 1995இல் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் நடக்கிறதா என்று கண்காணிக்க வெளிநாடுகள் போஸ்னியாவில் அமர்த்தும் அதிகாரி. சரி, யாருக்குப் பழகவில்லை என்று பார்த்துவிடுவோம்.

2022 அக்டோபர் 2. மாலை 7 மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடின. எண்ணிக்கை முடியவில்லை. அதற்குள் உயர் பிரதிநிதி கிறிஸ்டியன் ஷ்மிட் டிவியில் வந்துவிட்டார். ஜெர்மனியின் முன்னாள் அமைச்சர். போஸ்னியாவில் ஒரு ஓட்டுகூட வாங்காதவர். தேர்தல் சட்டத்தையும், நாட்டின் இரு பகுதிகளில் ஒன்றான கூட்டமைப்பின் (மற்றது செர்ப் குடியரசு) அரசியல் சட்டத்தையும் மாற்றிவிட்டாராம். கூட்டமைப்பின் மேலவையான மக்கள் அவை 58 இடத்திலிருந்து 80 ஆனது. போஸ்னியாக், குரோட், செர்ப் என்ற மூன்று இனங்களுக்கும் தலா 17 இருந்தது 23 ஆயிற்று, இவற்றில் சேராத 'மற்றவர்கள்' 7 இருந்தது 11. மக்கள் ஓட்டுப் போட்டது பழைய கணக்குக்கு. அவை அமைந்தது புதிய கணக்குக்கு.

அதோடு விட்டாரா? 2023 ஏப்ரலில் அரசு அமைக்க ஒரு துணைத் தலைவரின் கையெழுத்து கிடைக்கவில்லை. கூட்டமைப்பின் அரசியல் சட்டத்தையே ஒரு நாள் நிறுத்தி வைத்தார். ஒரு நாள்தானே, பெரிய மனது!

இந்த அதிகாரம் உயர் பிரதிநிதிக்கு 1997 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்து மாநாட்டில் கிடைத்தது. சட்டம் போடலாம், மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்கலாம், உள்ளூரில் மேல்முறையீடு கிடையாது. 2004 ஜூனில் அப்போதைய உயர் பிரதிநிதி பேடி ஆஷ்டவுன் ஒரே நாளில் சுமார் 60 பேரை வீட்டுக்கு அனுப்பினார். இப்படி நடத்திவிட்டு, பழகவில்லையாம்.

"உயர் பிரதிநிதி இல்லாவிட்டால் செர்ப் தலைவர் டோடிக் நாட்டை உடைத்துவிடுவாரே?" இதோ, என்னை டோடிக்கின் ஆளாக்கிவிட்டீர்கள். ஐயா, 1998இல் அவரை மிதவாதி என்று கொண்டாடி, செர்ப் குடியரசின் பிரதமராகக் கைகொடுத்தது இதே மேற்கு நாடுகள்தான். உயர் பிரதிநிதியின் முடிவுகளை மீறியதற்காக 2025இல் நீதிமன்றம் ஓராண்டு சிறையும் 6 ஆண்டு பதவித் தடையும் விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா தன் பொருளாதாரத் தடைகளை அவர்மீதிருந்து நீக்கியது. இதில் எது கொள்கை?

தேசியவாதக் கட்சிகள் எதையும் நகரவிடாது என்பதும் உண்மைதான். நாட்டின் 42 பேர் கொண்ட கீழவையில் செர்ப் குடியரசின் 14 பேரில் 10 பேர் சேர்ந்து எதிர்த்தால் எந்த மசோதாவும் நின்றுபோகும். ஆனால் அந்தப் பூட்டு 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், டேட்டன் நகருக்கு அருகே ஒரு விமானப்படைத் தளத்தில் வைத்துச் செய்தது.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். டெர்வோ செய்டிச் ரோமா, யாகோப் ஃபின்சி யூதர். போஸ்னியாக், குரோட், செர்ப் என்ற மூன்றில் சேராததால் சொந்த நாட்டின் அதிபர் பதவிக்கு நிற்க முடியாது. இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பர் 22 அன்றே தீர்ப்பளித்தது. அதன்பின் 2010, 2014, 2018, 2022 என நான்கு பொதுத்தேர்தல்கள் போயின. அங்கே செய்த டேட்டன் அரசியல் சட்டத்தைத் தொட உயர் பிரதிநிதிக்கு அதிகாரமில்லை என்று சட்டம் பேச வராதீர்கள். ஒரே இரவில் 58ஐ 80 ஆக்கிய பேனா, செய்டிச்சின் பெயருக்கு வரும்போது மட்டும் உள்ளூர்க் கட்சிகள் பேசி முடிக்கட்டும் என்று சட்டைப்பைக்குள் போய்விடுகிறது.