ஏற்காடு ஏறும் காலையில் 20 கிராம் கிரியேட்டின் வேண்டாம்

"ஏற்காட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிற அன்று காலையில் 20 கிராம் கிரியேட்டினை ஒரே தடவையில் குடித்தால் மூச்சு வாங்காது" என்று ஒரு நண்பர் இங்கே எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். கிரியேட்டின் என்பது தசைக்குச் சட்டென்று சக்தி கிடைக்க உதவும் ஒரு சத்துப்பொடி. 20 கிராம் என்பது ஒரு நாளுக்கு நாலு வேளையாக, ஐந்தைந்து கிராமாகப் பிரித்து 5 முதல் 7 நாள் எடுக்கும் அளவு. மொத்தமாகப் போட்டால் வயிறு கலங்கிப் பேதியாகலாம். தினம் 3–5 கிராம் எடுத்தாலே மூன்று நாலு வாரத்தில் தசையில் கிரியேட்டின் நிரம்பிவிடும்.

அது கைகொடுப்பதும் எடை தூக்குவது, 100 மீட்டர் ஓட்டம் மாதிரி சில நொடி வேகத்துக்குத்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவது நீண்ட நேர உழைப்பு. தசையில் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ கூடினால் அந்தக் கிலோவையும் சேர்த்து மிதிக்க வேண்டும்.

நல்ல பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பலன் தருவது காபியில் இருக்கும் காஃபின்: உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம், கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு. பழக்கமில்லாதவர்கள் மலை ஏறும் அன்று புதிதாகத் தொடங்காதீர்கள், படபடப்பு வரலாம். கூடவே மணிக்கு 30 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்போடு. பீட்ரூட் சாறு புதியவர்களுக்குக் கொஞ்சம் உதவும். உச்சப் பயிற்சியில் இருப்பவர்களுக்குப் பலன் குறைவு.