மீன் தொட்டி லைட் விக்கிறவங்களே, அதை எவ்ளோ உயரத்துல மாட்டணும்னு ஒரு வரி எழுத மாட்டீங்களா?

ரெண்டு மாசமா ஒரே லைட்டை மேலயும் கீழயும் நகர்த்திட்டு இருக்கேன், இன்னும் கோவம் அடங்கல. 60 செ.மீ. ரிம்லெஸ் டேங்க், அதாவது மேல சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டி, 36 செ.மீ. உயரம், செடிங்க தண்ணிக்கு வெளிய தலை நீட்டணும்னு ஆசைப்பட்டுதான் மூடியே இல்லாம வச்சிருக்கேன். லைட் டப்பாவுல என்ன போட்டிருக்கு? 60 செ.மீ. டேங்குக்கு, இத்தனை வாட்ஸ், இத்தனை லூமென், முடிஞ்சுது. லூமென் மனுஷக் கண்ணுக்கான கணக்குங்க! செடிக்கு வேணுங்கிறது 400ல இருந்து 700 நானோமீட்டருக்குள்ள வர்ற வெளிச்சம், அதைத்தான் பார் (PAR)னு அளக்குறாங்க, எந்த உயரத்துல மாட்டுனா அடி மண்ணுக்கு எவ்ளோ பார் போய்ச் சேரும்னு சொல்லாம நான் எங்கதான் மாட்டுறது?

கூட வந்த ஸ்டாண்டு கண்ணாடி விளிம்புல உக்காருது, தண்ணிக்கு வெறும் 5 செ.மீ. மேல, ஏத்தவும் முடியாது இறக்கவும் முடியாது. நடுவுல பளிச்சுனு அடிக்குது, ரெண்டு ஓரமும் மங்கல். நடுக் கல்லுல கட்டுன அனுபியாஸ் செடியோட இலை பூரா பச்சைப் புள்ளிப் பாசி, ஓரத்துல மான்டே கார்லோங்கிற குட்டைச் செடி தரையில படராம வெளிச்சம் தேடி மேல நீண்டுடுச்சு, ஒரே டேங்க்ல ஒரு பக்கம் ஜாஸ்தி ஒரு பக்கம் பத்தல. போதாததுக்கு தண்ணி தெறிச்சு தெறிச்சு லைட் அடியில உப்புப் படிஞ்சு கிடக்குது.

சரின்னு சீலிங்ல ஹூக் அடிச்சு கம்பியில தொங்கவிட்டேன், 30 செ.மீ. மேல. உயரத்தை ரெண்டு மடங்காக்குனா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும்னு பயமுறுத்துனாங்க, அது ஒரே புள்ளியில இருந்து வர்ற வெளிச்சத்துக்கான கணக்கு, நீளமான பட்டை லைட்டுக்கு இவ்ளோ கிட்டத்துல அப்படியே பொருந்தாது. குறையத்தான் செஞ்சுது, ஆனா ஓரம் வரைக்கும் பரவுச்சு, மான்டே கார்லோ படுத்து வளர ஆரம்பிச்சுது, அனுபியாஸ்ல புதுசா வந்த இலை சுத்தமா இருக்கு.

அப்புறம் பாத்தா கண்ணு போச்சு! எல்இடி பெரும்பாலும் 120 டிகிரிக்கு விரிஞ்சு அடிக்கும், மறைப்புன்னு ஒண்ணும் கிடையாது, சோஃபால உக்காந்தா நேரா மூஞ்சில. அம்மா நெத்திக்கு மேல கையை வச்சுக்கிட்டுதான் டிவி பாக்குறாங்க. மீனைப் பாக்க ஆசையா கிட்ட வர்ற குழந்தை கண்ணை மூடிக்கிது. செடிக்குப் போக வேண்டிய வெளிச்சத்துல பாதி சுவத்துக்கும் தரைக்கும் போகுது, அதுக்கு "பிரைட்னஸ் கூட்டிக்கோங்க"ன்னு சொல்றாங்க, கூட்டுனா கண்ணுதானே இன்னும் கூசும்?

கடைசியில நானே கருப்பு பிளாஸ்டிக் அட்டைய 6 செ.மீ. பட்டையா வெட்டி லைட்டோட முன்பக்கம் ஒட்டினேன், உயரத்தையும் 22 செ.மீ.க்கு இறக்கி, கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சேன். பின்னாடி இருந்தப்ப வெறும் நிழலா தெரிஞ்ச மீனுங்க இப்பதான் நிறமா தெரியுது. பத்து நிமிஷ வேலைங்க அந்த அட்டை! இவ்ளோ காசு வாங்குறவங்க ஒரு மறைப்பும், நீளத்தை மாத்திக்கிற மாதிரி ரெண்டு கம்பியும் டப்பாவுல போட்டா என்ன? அந்தப் பார் அளவை உயரவாரியா ஒரு சின்னக் கட்டம் போட்டு அச்சடிச்சா என்ன? நாளைக்குப் பின்பக்கமும் அட்டை ஒட்டணும், சுவத்துல வீணா விழுற அந்த வெளிச்சத்தைப் பாக்கப் பாக்க வயிறு எரியுது.