25 மில்லிமீட்டர் போதும் தம்பிகளா

ஸ்போர்ட்ஸ் காடியை (காரை) வீட்டுப் போர்ச்சிலேயே இறக்கலாமா, அதாவது ஸ்பிரிங் மாற்றி அதன் உயரத்தைக் குறைக்கலாமா என்று நம் பத்தாங் பெர்ஜுந்தை பையன்கள் ஓயாமல் கேட்கிறார்கள். (சிலாங்கூரில் உள்ள நம் ஊர். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள், ஆனால் வாய்க்கு வருவது பழைய பெயர்தான்.) இறக்கலாம், தாராளமாக இறக்கலாம். எவ்வளவு இறக்குவது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம். என் கணக்கு 25 மில்லிமீட்டர், மிஞ்சிப் போனால் 30. அதற்குக் கீழே போகிறவன் காசு கொடுத்துக் காடியைக் கெடுத்துக்கொள்கிறான்.

இங்கே அதிகம் அடிபடும் டொயோட்டா 86ஐயே எடுத்துக்கொள்வோம். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த காடி, 2012இல் விற்பனைக்கு வந்தது. பாக்ஸர் எஞ்சின் என்பதால் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். எஞ்சின் எடை அவ்வளவும் தரைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதாவது, இறக்க வேண்டியதைப் பெரும்பாலும் கம்பெனிக்காரனே இறக்கித்தான் கொடுத்திருக்கிறான். அடிவயிற்றுக்கும் தரைக்கும் ஏறக்குறைய 130 மில்லிமீட்டர். அதில் 60ஐ எடுத்துவிட்டு, செம்பனை ஆலைக்குப் போகும் ரோட்டில் ஒரு தடவை போய்வாருங்கள் பார்க்கலாம். செம்பனைக் குலை லோரியும் மணல் லோரியும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. லோரியிலிருந்து உருண்டு விழுந்த ஒரு குலை வழியில் கிடந்தால் அதன் முள்ளே பம்பரைக் கிழித்துவிடும். தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) வந்தால் இன்னும் மோசம். பையன்கள் மோட்டாரில் பறக்கிறார்கள் என்று யாரோ வீட்டு வாசலில் தானே சிமெண்ட் குழைத்துப் போட்ட பொங்கோல் (வேகத்தடை), எந்த அளவுக்கும் அடங்காமல் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

“ரோட்டை விடுங்கண்ணே, எவ்வளவு இறக்குறோமோ அவ்வளவு கார்னரிங் நல்லா இருக்கும்” என்று ஒரு தம்பி ஒட்டுக்கடையில் அடித்துச் சொன்னான். இந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய தலைவலி. ஏனென்றால் இது பாதி உண்மை.

86இன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். கீழே வீலைப் பிடிக்கும் ஓர் ஆர்ம், மேலே அதிர்வைத் தாங்கும் அப்சோபரே தாங்கல். வளைவில் முன்பக்கம் சாயும்போது ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. அதை ரோல் சென்டர் என்பார்கள். காடியை 40 மில்லிமீட்டர் இறக்கினால் எடையின் மையமும் 40 இறங்கும், சரி. ஆனால் கீழ் ஆர்மின் சாய்வு மாறிப்போவதால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் கூடிப்போகிறது. அந்தத் தூரம்தான் காடியைச் சாய்க்கும் நெம்புகோல். குட்டை ஸ்பேனரில் அசையாத நட்டு, பைப் சொருகி நீட்டினால் அசைகிறதல்லவா, அந்தக் கதைதான். ஸ்பிரிங் அதேதான் என்றால், இறக்கிய காடி முன்பைவிட அதிகமாகச் சாயும். அதை மறைக்கத்தான் ஸ்பிரிங்கைக் கல் மாதிரி கெட்டியாக்குகிறார்கள். அப்புறம் ஆலை ரோட்டில் பின்சீட்டில் உட்கார்ந்த ஆள் தலையில் இடித்துக்கொள்கிறார். (86இல் பின்சீட்டு என்று ஒன்று இருப்பதாகச் சொல்வதே பெரிய மனசு.)

எல்லையைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். காடி நாலு காலில் நிற்கும்போது குனிந்து கீழ் ஆர்மைப் பாருங்கள். ஏறக்குறையத் தரைக்குச் சமமாக இருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். வீல் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் மிதமிஞ்சி இறக்கியாயிற்று.

இன்னொன்று பம்ப் ஸ்டாப், அப்சோபர் ஓட்டத்தின் கடைசியில் இருக்கும் தடுப்பு. இறக்க இறக்க அப்சோபர் மேலும் கீழும் ஓட இருக்கும் இடம் குறைகிறது. மழையில் இஜோக் பக்கத்து வளைவு ஒன்றில் பாதி திரும்பும்போது ஒரு குழி வந்து பம்ப் ஸ்டாப்பில் இடித்தால், அந்த நொடியில் ஸ்பிரிங் பல மடங்கு கெட்டியான மாதிரி ஆகிவிடும். டயர் பிடியை விட்டுவிடும். பின்வீல் இழுக்கும் காடியில் இது பின்பக்கம் நடந்தால் அப்புறம் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஸ்பிரிங் போத்தோங் (ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவது) பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: வேண்டாம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் 20 விழுக்காடு கெட்டியாகும், அப்சோபரோ பழைய கணக்கிலேயே இருக்கும். அறுத்த நுனி தட்டில் சரியாக உட்காராது. வீல் குழியில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிக்கொள்ளும்.

சரி, வீட்டு வேலைக்கு வருவோம். ஒர்க்‌ஷாப் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே பின்னால் நாலு காடி காத்திருக்கும். நமக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நம்முடையது. இந்த வேலைக்கு முக்கியமாக வேண்டியதே நேரம்தான்.

நம் தாமான் வீட்டுப் போர்ச்சில் முதல் எதிரி டைல்ஸ். ஜாக்கி ஸ்டாண்டின் நாலு காலும் வழவழப்பான டைல்ஸில் நின்றால் வழுக்கும், அல்லது டைல்ஸ் உடையும். தடித்த பிளைவுட் பலகை அடியில் போடுங்கள். போர்ச் எப்போதும் லோங்காங் (சாக்கடை) பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கும் என்பதால் தரையில் இருக்கும் வீல்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. இதில் எனக்குச் சிரிப்புப் பேச்சே கிடையாது.

வீலைக் கழற்றும் முன்பே நாலு மூலையிலும் அளவு எடுத்துச் சுவரிலோ அட்டையிலோ எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், நம் போர்ச் சமமில்லை. வீல் நடுவிலிருந்து நேர் மேலே பெண்டர் ஓரம் வரை அளக்க வேண்டும். ‘இரண்டு விரல் இடைவெளி’ என்பதெல்லாம் அளவே இல்லை, யாருடைய விரல்?

ஹை-லோ பாடி ஷிப்ட், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-அப்சோபர் செட் வாங்கினால் அது முழுசாகக் கோத்தே வரும், ஸ்பிரிங் கம்ப்ரெசர் தேவைப்படாது. உயரத்தைக் கீழ்ப் பிராக்கெட்டைச் சுற்றித்தான் குறைக்க வேண்டும். ஸ்பிரிங் தட்டைத் தளர்த்திக் குறைத்தால் வீல் தொங்கும்போது ஸ்பிரிங் லொடலொடக்கும். வெறும் ஸ்போர்ட் ஸ்பிரிங் மாற்றுகிறீர்கள் என்றால் கம்ப்ரெசர் கட்டாயம். அமுக்கிய ஸ்பிரிங்கில் இரண்டு மூன்று ஆள் எடைக்குச் சமமான விசை அடைபட்டுக் கிடக்கிறது. அமுக்காமல் நடு நட்டைக் கழற்றினால் அது முகத்துக்குத்தான் வரும். ஸ்ட்ரட்டைக் கழற்றும் முன் பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏ.பி.எஸ். வயரையும் விடுவியுங்கள், இல்லையென்றால் வீல் மாட்டும் ஹப்பின் எடை முழுக்க ஹோஸில் தொங்கும்.

இப்போது பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் இடம். ஆர்ம்களின் முனையில் உள்ள ரப்பர் புஷ் சுழலும் பொருள் இல்லை, இரும்போடு ஒட்டியது. வீல் தொங்கும்போது அதன் போல்ட்டை இறுக்கினால், காடி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். காடி நினைத்ததைவிட உயரமாக நிற்கும். சில மாதத்தில் புஷ் கிழியும், ‘க்ளக் க்ளக்’ என்று சத்தம் வரும், ஹை-லோ மட்டம் என்று பழி போகும். அதனால் போல்ட்டைக் கையால் மட்டும் நெருக்கி வைத்துவிட்டு, ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, எடை ஆர்ம் மேல் வரும் வரை தூக்கிய பிறகே முழுசாக இறுக்குங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்கிற ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அந்தத் தவுக்கேயை (முதலாளியை) விடாதீர்கள்.

கொஞ்ச நாள் ஓட்டி, ஸ்பிரிங் படிந்ததும் மறுபடி அளந்து, டயர் கடையில் அலைன்மெண்ட். உயரம் மாறினால் டோவும் (வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) கேம்பரும் (வீல் சாய்ந்து நிற்கும் கோணம்) மாறும். டோ கெட்டால் புது டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும் வரை தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. 86இன் பின்பக்கக் கேம்பரைக் கம்பெனி அமைப்பில் சரி செய்ய வழியில்லை, தனி ஆர்ம் வாங்க வேண்டும். 25 மில்லிமீட்டரில் நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஹெட்லைட் உயரத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) பற்றிக் கேட்பீர்கள். அனுமதி இல்லாமல் செய்த மாற்றத்துக்கு ரோட்டில் சமன் (அபராதம்) வரலாம், விற்கும்போது வாகனச் சோதனை செய்யும் புஸ்பகோமிலும் பிரச்சினை வரலாம். பழைய அப்சோபரையும் ஸ்பிரிங்கையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என்னிடம் ஸ்பிரிங் கம்ப்ரெசர் இருப்பது ஊருக்கே தெரியும். இரவல் கேட்டு இன்பாக்ஸ் வர வேண்டாம், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். காடியை என் போர்ச்சுக்குக் கொண்டுவந்தால் கூட நின்று செய்து தருகிறேன். சொந்த ஜாக்கி ஸ்டாண்டோடு வாருங்கள், நாலு வேண்டும்.