கதவோரம் மாட்டிய சுவரொட்டி

போன மாதம் ஒரு மருத்துவக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ஆய்வுச் சுவரொட்டிகள் வைத்திருந்த கூடத்தின் கோடியில், கதவை ஒட்டி ஒன்று தொங்கியது. அருகில், குடும்ப மருத்துவத்தில் பட்டமேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் நின்றிருந்தார். எழுபது வயது தாண்டியவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை விழுங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. வந்தவர்களின் மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார். இரண்டு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த ஒரே இரத்த அழுத்த மருந்தை, இரண்டு வணிகப் பெயர்களில், ஒரு பாட்டி தினமும் சாப்பிட்டுவந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

நடுவர்கள் வந்தார்கள். "எண்ணிக்கை குறைவு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. பயிற்சி மருத்துவர்கள் செய்யும் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு உரிய அங்கீகாரம் வேண்டும். சுவரொட்டியில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்ததைப் பார்த்தபோது இன்னும் வலித்தது. முதல் இரண்டு பெயர்களுக்கு உரியவர்கள் அந்த அட்டைகளில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

ஆய்வு என்றாலே பெரிய மருத்துவமனை, பெரிய கருவி, ஆயிரக்கணக்கான நோயாளிகள் என்று நமக்குள் பதிந்துபோயிருக்கிறது. 1961இல் அமெரிக்காவில் கெர் வைட் என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறை வரும். 250 பேர் மருத்துவரைப் பார்ப்பார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேருவார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேருபவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரை வைத்து எழுதிய பாடத்தைக் கொண்டுதான் மற்ற எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கிறோம். மீதிப் பேரைத் தினமும் நேரில் பார்ப்பவர்கள் குடும்ப மருத்துவர்கள். அவர்கள் கேள்வி கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கிராமப்புறத்தில் வில்லியம் பிக்கிள்ஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். யாருக்கு எப்போது காய்ச்சல் கண்டது, அதற்கு முன் யாரைச் சந்தித்தார் என்று பல ஆண்டுகள் குறித்துவைத்தார். தொற்று மஞ்சள் காமாலை உடலுக்குள் நுழைந்து வெளிப்பட எத்தனை நாள் பிடிக்கிறது என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்தே கணித்தார். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த ஊர் என்பதால்தான் அது முடிந்தது. சிறிய இடம் அவருக்குக் குறையாக இல்லை, கைகொடுத்தது.

பட்டத்துக்காகக் கடமைக்கு எழுதிய ஆய்வேடுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஒரே முன்னுரை பத்து ஏடுகளில் வருவதை நானே பார்த்திருக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு யார்தான் மெனக்கெட்டு எழுதுவார்கள்?

அங்கீகாரம் என்று நான் கேட்பது சான்றிதழையும் கேடயத்தையும் அல்ல. உழைத்தவர் பெயர் முதலில் வரட்டும். இரவுப் பணி முடித்த கண்களோடு எழுதவிடாமல், வாரத்தில் அரை நாளையாவது அதற்கென்று ஒதுக்குங்கள். புதிதாகக் கண்டறிவது மட்டுமே புலமை ஆகாது. அறிந்ததை இணைப்பதும், நடைமுறைக்குக் கொண்டுவருவதும், கற்பிப்பதும் புலமைதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990இலேயே எழுதிவிட்டார். ஒரு பயிற்சி மருத்துவர் தன் சிகிச்சையறையில் ஒரு தவற்றைத் திருத்தி, முன்னும் பின்னும் அளந்து காட்டினால், அதையும் ஆய்வு என்றே மதிப்பிட வேண்டும். முக்கியமாக, அவர் கண்டுபிடித்ததை அவருடைய துறையே முதலில் படித்துப் பின்பற்ற வேண்டும்.

அந்தப் பெண்ணிடம், "பாட்டி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு மருந்தை நிறுத்தியதும் தலைசுற்றல் நின்றுவிட்டது, டாக்டர். இப்போது எங்கள் அறைக்கு வரும் முதியவர்கள் எல்லோரையும் மாத்திரைப் பையோடு வரச் சொல்கிறோம்" என்றார். சுவரொட்டியில் அந்த வரி இல்லை. பேனாவை நீட்டினேன், அடியில் இருந்த வெற்றிடத்தில் அவரே எழுதிச் சேர்த்தார்.