ரசத்தில் ஜின்

நேற்று மச்சானோடு இந்திராநகரில் ஒரு காக்டெயில் பார். மெனுவில் வெறும் வண்ணக் கட்டங்கள். என்ன சரக்கு, எத்தனை மில்லி, எதுவும் போடவில்லை. கேட்டால் "குடிச்சுப் பாருங்க சார்" என்கிறார்கள். வந்தது ரச ஜின். பாலில் ஊற்றித் திரியவிட்டு, வடிகட்டித் தெளியவைக்கிற பக்குவம். மணிக்கணக்கில் பிடிக்கும், அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மிளகும் பூண்டும் எங்கே போச்சு? ரசம் என்று பேர் வைத்தால் தொண்டையில் கொஞ்சமாவது உறைக்க வேண்டாமா? கிளாஸ் முழுக்க ஒரே ஐஸ்கட்டி, மூணு மடக்கில் காலி. 950 ரூபாய்! பில்லில் கேட்காமலே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியாச்சு. எடுக்கச் சொன்னதும் மேனேஜர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் வயிறு எரிகிறது.