மைசூர்பாகைக் கையில் கொடுத்துவிட்டு மன உறுதி பேசுகிறார்கள்

மாலை நான்கு மணிக்கு, வயிறு காயும் நேரம் பார்த்து, "உங்களுக்கு நாக்கை அடக்கத் தெரியவில்லை" என்றார் ஆரோக்கிய ஆலோசகர். அலுவலகமே காசு கொடுத்து வரவழைத்த வசவு! திரையில் அடைபட்ட இரத்தக்குழாய். அடுத்து ஒரு தொப்பை. அதைக் காட்டும்போது அவர் பார்வை ஏன் கணக்குப் பிரிவின் பக்கமே போக வேண்டும்? மன உறுதி, மன உறுதி என்று ஒரு மணி நேரம். பிறகு நன்றியுரை. நன்றியுரை முடிந்ததும் அட்டைப்பெட்டி.

பெட்டிக்குள் சமோசா, மிக்சர், மைசூர்பாகு. பல்லைப் பதம்பார்க்கும் பழைய ரகம் இல்லை. தொட்டால் நெய் மணிக்கட்டு வரை வழியும் ரகம். முதலில் பெட்டியைத் திறந்தவர் யார்? ஆலோசகர். கண்ணை மூடி ரசித்துவிட்டு, "ஒன்றுதானே, சாப்பிடுங்கள்" என்று எங்களுக்குச் சலுகை வேறு.

ஐயா, பழத்தில் இனிப்பு உண்டு, நெய் இல்லை. கடலையில் எண்ணெய் உண்டு, பாகு இல்லை. தாய்ப்பாலை விட்டால் கொழுப்பும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ந்திருக்கும் பொருள் இயற்கையில் அபூர்வம். இரண்டையும் ஒரே வாணலியில் போட்டுக் கிளறியது மனிதன். 2024இல் எலிகளிடம் பார்த்துவிட்டார்கள்: குடலிலிருந்து மூளைக்குக் கொழுப்பின் சேதி ஒரு நரம்புப் பாதையில் போகிறது, சர்க்கரையின் சேதி வேறொன்றில். இரண்டும் சேர்ந்து போனால் மூளையில் 'இன்னும் வேண்டும்' என்று தூண்டும் ரசாயனமான டோபமைன் கூடுதலாகச் சுரக்கிறது. இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் தட்டினால் மன உறுதி எந்த வாசலைக் காக்கும்?

ஜெர்மனியின் கொலோன் ஆய்வு இன்னும் மோசம். இங்கே எலிகள் இல்லை, மனிதர்கள்: தினமும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த புட்டிங், 8 வாரங்களுக்கு. எடையில் பெரிய மாற்றமில்லை. ஆனால் கொழுப்பு குறைந்த உணவின் மேல் இருந்த விருப்பம் குறைந்துவிட்டது; இனிப்பும் கொழுப்பும் கலந்த ருசிக்கு மூளை முன்பைவிட அதிகமாகத் துள்ளியது. அவர்களுக்காவது 8 வாரம். எங்களுக்குத் தினமும் இரண்டு வேளை தேநீருடன் கிரீம் பிஸ்கட், வருடக்கணக்காக, நிர்வாகத்தின் செலவில்! நாக்கைப் பழக்கிவிட்டவர்களே அதை அடக்க ஆள் கூட்டி வருகிறார்கள்.

மைசூர்பாகைச் சாப்பிட்டேனா? இரண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் விரதம்.

அது கிடக்கட்டும். பொங்கலிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. கேட்டால், கதவில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: "படியேறுவோம், நலமாக வாழ்வோம்." ஐந்தாவது மாடி, ஐயா!